உங்கை விடுங்கோ

தூத்துக்குடிக் கிறகோரிக்குப் பந்து விடத் தெரியாது என்று குருநகர்க் கடற்கரையில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. தெரியாது என்று சொன்னவர்கள் நல்லவர்கள். மற்றவர்கள், தெரியும், மனந்தான் இல்லை என்றார்கள். இரண்டும் பிழை. அந்தப் பிழை எங்கே தொடங்கியது என்பது கிறகோரிக்கே மூன்றாம் வருடந்தான் தெரியவந்தது. தெரிந்த பிறகு அவன் பட்ட பாடு, தெரியாமல் இருந்தபோது பட்டதைவிடப் பெரிது.

அவன் ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து மூன்றாம் ஆண்டு, ஓடு ஏற்றிவந்த தோணியில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினான். பிலிப்புவின் பாண் போறணையில், ரொட்டி சுடுகிற இடத்தில், மா குழைக்கிற வேலை. போறணைக்குப் பின்னால் இருந்த அறையில் அவனைப்போல அக்கரையிலிருந்து வந்த வேறு இரண்டு பேர் இருந்தார்கள். மூவரும் தங்கள் ஊர்ப் பேச்சைப் பேசி, தங்கள் ஊர்க் குழம்பை வைத்துச் சாப்பிட்டுக் காலத்தை ஓட்டினார்கள். ஊராரோடு பேசவேண்டி வந்தால் பேசினார்கள். தமிழ்தானே. கப்பலேறிச் சிங்கப்பூர் போனவன் மலாய் படிக்கவேண்டும். யாழ்ப்பாணம் வந்தவன் புதிதாக என்னத்தைப் படிப்பது?

தூத்துக்குடியில் அவன் துறைமுகத்து ஆட்களின் உதைபந்தாட்ட அணியில் சென்றர் போர்வேட், முன்வரிசை நடுவில் நின்று கோல் அடிக்கிறவன். குருநகர் வந்த புதிதில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வருகிற வழியில் கடற்கரையில் பந்தடிப்பதைக் கண்டான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். அன்றைக்கே பிலிப்பு அவனைத் தன்னுடைய நீலத்திரைக் கழகத்தில் சேர்த்துக்கொண்டார். பிலிப்புவுக்குப் பாணில் இருந்த அக்கறையைவிடப் பந்தில் இருந்த அக்கறை கூட. பாண் கருகினால் ஒரு சொல்லோடு விட்டுவிடுவார். கோல் தவறினால் இரண்டு நாள் கதைக்கமாட்டார்.

நீலத்திரைக் கழகம் இரண்டாம் பிரிவில் ஆடியது. இரண்டாம் பிரிவு என்றால், விளையாடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் ஏறத்தாழ ஒரே ஆட்கள் என்று பொருள். மைதானம் மணல். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் லூர்த்தம்மாவின் கருவாட்டுப் பாய்கள். பந்து கடலில் விழுந்தால் கிட்ட நிற்கிறவன் நீந்தவேண்டும். கருவாட்டில் விழுந்தால் லூர்த்தம்மாவிடம் ஏச்சு வாங்கவேண்டும். நீந்துவதுதான் சுகம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

முதற்பிரிவு பட்டணத்து முற்றவெளியில் நடந்தது. அங்கே புல் இருந்தது. சுண்ணாம்புக் கோடு இருந்தது. கதிரையில் இருந்து பார்க்கிற மனிதர்கள் இருந்தார்கள். பருவம் முடிகிற நேரத்தில் பட்டணக் கழகத்தின் செயலாளர் தில்லைநாதன் குடையும் தானுமாக இரண்டாம் பிரிவு ஆட்டங்களைப் பார்க்க வருவார். ஒருவரையோ இருவரையோ மேலே எடுத்துக்கொண்டு போவார்.

கிறகோரிக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். கால் ஓடுகிற வயதுக்குள் முற்றவெளியில் ஒரு பருவம். இருபத்து நாலு வயதில் வந்தவன். பந்தடிக்கிறவனுக்கு அது இளவயது அல்ல.

கழகத்தின் கப்பித்தான் தேவராசா. வலைத்தொழில் செய்கிற பையன், கிறகோரியைவிட இளையவன். நடுவில், கிறகோரிக்குப் பின்னால் நின்று ஆடுவான். அவனுடைய தொண்டைதான் கழகத்தின் பெரிய சொத்து. கிறகோரியின் காலுக்குப் பந்து வந்ததும் பின்னாலிருந்து கத்துவான்:

"உங்கை! உங்கை விடுங்கோ!"

கிறகோரி கோலைப் பார்த்து ஓங்கி அடிப்பான்.

சில வேளை கோல் விழும். பல வேளை பந்து கம்பத்துக்கு மேலால் போகும். வலது பக்கத்தில் மறிக்க ஆளில்லாமல் நின்ற விங்குக்காரன் இரண்டு கையையும் விரித்து வானத்தைப் பார்ப்பான்.

"அண்ணை, நான் கத்துறது கேக்குதோ இல்லையோ?" என்று தேவராசா ஒருநாள் நேரே கேட்டான்.

"நல்லா கேக்குதே."

"கேட்டால் ஏன் விடேல்லை?"

"விட்டேனே!"

"எங்கை விட்டனீங்கள்?"

"கோலுக்கு. நீதானே விடச் சொன்ன?"

தேவராசா மணலில் துப்பினான். "பகிடி விடுறியள், என்ன?"

கிறகோரிக்கு அவன் கோபம் விளங்கவில்லை. உண்மையில் தேவராசாவை அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. போறணையிலும் தெருவிலும் அவன் வெறும் அக்கரையான். 'எடேய் அக்கரையான், மூட்டையைத் தூக்கு' என்றால் தூக்குகிறவன். மைதானத்தில் மாத்திரம் ஒரு பையன், அதுவும் கப்பித்தான், பந்து வந்த உடனே 'உங்க பந்து, விடுங்க' என்று மரியாதையாகத் தனக்கு விட்டுக்கொடுக்கிறான். அப்படி நம்பி ஒரு பந்தை ஒப்படைத்தால், ஒரு மனிதன் அடிக்காமல் என்ன செய்வான்?

முதல் வருடம் தில்லைநாதன் வந்தார். பார்த்தார். குடையைச் சுருக்கிக்கொண்டு பிலிப்புவிடம் சொன்னார்: "உந்த அக்கரையான் நல்லாய்த்தான் அடிக்கிறான். ஆனால் கப்பித்தான் தொண்டை கிழியக் கத்துறான், உவன் கணக்கெடுக்கிறானே? சொல்லுக் கேளாத ஆளை வைச்சு நான் என்ன செய்யிறது?" இரண்டாம் வருடமும் வந்தார். அதையே வேறு சொற்களில் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் கிறகோரி கல்யாணம் செய்தான். பெண் பெர்னடெட், பிலிப்புவுக்குத் தூரத்துச் சொந்தம். பின்னறையை விட்டுப் பெண் வீட்டுக்குப் போன அந்த வாரத்தில்தான் விஷயம் வெளித்தது.

பெர்னடெட் குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, தேங்காய் உங்கை கிடக்கு. எடுத்துத் தாங்கோ."

"எனக்கு ஏது தேங்காய்? நான் ஒண்ணும் வாங்கலியே."

"ஆர் உங்கடை எண்டது? உங்கை எண்டன்."

"என்னுது இல்லன்னுதான் நானும் சொல்லுதேன்."

அவள் ஊதுகுழலோடு வெளியே வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் காலடியைப் பார்த்தாள். "உங்கை! உதிலை! காலுக்குள்ளை கிடக்கு!"

உண்மைதான். தேங்காய் கிடந்தது.

"உங்கைன்னா என்ன?"

"உங்கை எண்டால் உங்கைதான். இஞ்சை எண்டால் என்னட்டை. அங்கை எண்டால் தூரத்திலை, கோயிலடியிலை. உங்கை எண்டால் உங்களுக்குக் கிட்ட. உதுகூடத் தெரியாமல் இவ்வளவு காலமும் என்னண்டு இந்த ஊரிலை இருந்தனீங்கள்?"

கிறகோரி தேங்காயை எடுத்தான், கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான்.

"ஏட்டி, பந்தை விடுறதுன்னா?"

"மற்றவனுக்குக் குடுக்கிறது. வேறை என்னத்தை விடுறது?"

அவன் ஊரில் விடு என்றால் கோலுக்கு விடு. ஓங்கி விடு. கடற்காற்றில் கடைசி எழுத்துக் கரைந்துபோக, 'உங்கை விடுங்கோ' என்ற கூவல் அவன் காதுக்கு 'உங்க, விடுங்க' என்றே வந்து சேர்ந்திருக்கிறது. உங்களுக்குக் கிட்ட நிற்கிறவனுக்குக் கொடுங்கள் என்று அவர்கள் கத்த, உங்களுடையது, அடியுங்கள் என்று அவன் கேட்டிருக்கிறான். இரண்டு பருவம்! கையை விரித்துக்கொண்டு நின்ற அந்த விங்குக்காரனின் முகம் இப்போதுதான் அவனுக்கு முழுதாகத் தெரிந்தது.

"தேங்காயைத் தாறியளோ, இல்லை அதுக்கும் நான் கப்பித்தானைக் கூப்பிடவோ?" என்றாள் பெர்னடெட்.

அவன் அப்படியே எழும்பித் தேவராசாவின் வளவுக்குப் போனான். தேவராசா கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தான். கிறகோரி ஒன்றையும் மறைக்காமல் முதலிலிருந்து சொன்னான். தேவராசாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பிறகு, "ஐயோ என்ரை மாதாவே!" என்று வலைக்குமேல் மல்லாந்து விழுந்து, கண்ணீர் வரச் சிரித்தான்.

சிரித்து முடிந்தபிறகு, "அண்ணை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் உங்களைப் பெரிய தலைக்கனம் பிடிச்ச ஆள் எண்டு நினைச்சனான்" என்றான். நல்ல பையன்தான். ஆனால் நல்ல கதையை அடக்கிவைக்கத் தெரியாத பையன். மாலைக்குள் கடற்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. அக்கரையான் என்ற பெயர் போய் 'உங்கை அண்ணை' என்ற பெயர் வந்தது. மீன் வாங்கப் போனால் லூர்த்தம்மா, "உங்கை அண்ணை, இந்தப் பாரை உங்கையோ, உங்கடையோ?" என்று கேட்டாள். மற்றக் கழகத்து ஆட்கள், பந்து அவனிடம் வந்ததும் நாலு பக்கமும் நின்று "உங்கை! உங்கை!" என்று கூவினார்கள். எந்தக் கூவல் தன் ஆளுடையது என்று அவன் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் பந்து போய்விடும்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், தெரியவேண்டிய இடத்தில் உண்மை தெரிந்தால் போதும் என்று கிறகோரி எண்ணினான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பட்டணத்தில் தில்லைநாதன் வீட்டுக்குப் போனான். தில்லைநாதன் விறாந்தையில் கதிரையில் இருந்தபடியே கேட்டார். சிரிக்கக்கூட இல்லை.

"அப்ப, தமிழனுக்குத் தமிழ் விளங்கேல்லை எண்டு சொல்லுறீர்?"

"ஆமாங்கய்யா. எங்க ஊருல அந்தச் சொல்லே கெடையாது."

"இங்கிலீசிலை கத்தினதாலை விளங்கேல்லை எண்டால் நான் நம்பலாம். நீர் இப்ப என்னோடை கதைக்கிறது என்ன பாசை?"

"தமிழுங்கய்யா."

"நான் கதைக்கிறது?"

"தமிழு."

"விளங்குதோ?"

"வெளங்குதுங்கய்யா."

"பேந்தென்ன? வேறை ஒரு நல்ல சாட்டாய்ப் பாத்துக்கொண்டு வாரும்." பிறகு, அவன் போகாமல் நிற்பதைக் கண்டு, "இந்த முறை முற்றவெளியிலை ஒரு தெரிவு ஆட்டம் வைக்கிறம். எங்கடை ஆட்களுக்கு எதிராய் இரண்டாம் பிரிவிலை இருந்து பொறுக்கி எடுத்த ஆட்கள். உம்முடைய தேவராசாதான் கப்பித்தான். வந்து ஆடிக்காட்டும். கப்பித்தான் சொன்னபடி ஆடினால் யோசிப்பம்" என்றார்.

கிறகோரி மனதுக்குள் ஏசிக்கொண்டே திரும்பி நடந்தான். ஒரு வெள்ளைக்காரன் வந்து இந்தக் கடற்கரையில் பந்தடித்திருந்தால் எல்லோரும் கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தமிழனாகப் பிறந்துவந்த குற்றத்துக்கு அவனுக்கு அந்தக் கைகூடக் கிடைக்கவில்லை.

ஆனாலும் கப்பித்தான் சொன்னபடி ஆடினால் போதும் என்று அந்த மனிதரே தன் வாயால் சொல்லியிருக்கிறார். கிறகோரி பயிற்சியைத் தொடங்கினான். பழைய துணியைச் சுருட்டிப் பந்தாகக் கட்டினான். பெர்னடெட் குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டே "இஞ்சை!" என்பாள், அவளிடம் தட்டுவான். "அங்கை!" என்பாள், வேலியோரம் அனுப்புவான். "உங்கை!" என்றால் பக்கத்திலே தட்டவேண்டும். யோசிக்காமல் தட்டவேண்டும், யோசித்தால் பிந்திவிடும்.

"பிழை! உது அங்கை. நான் சொன்னது உங்கை."

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழந்தான இருக்கு!"

"அந்த ஒரு முழத்துக்குத்தானே ரெண்டு வருசம் நிண்டனீங்கள். திருப்பி!"

முதலில் பிழைத்தது. பிறகு சரிவந்தது. கடைசியில் அவள் 'உங்' என்று வாய் திறக்குமுன்னே அவன் கால் பக்கத்துக்குத் திரும்பப் பழகிவிட்டது. அந்தப் பருவத்தில் அவன் அடித்த கோல்கள் குறைந்தன. மற்றவர்கள் அடித்தவை கூடின. பிலிப்பு, "இப்பதான் நீ எங்கடை ஆள்" என்று முதுகில் தட்டினார். கிறகோரிக்கு அது சந்தோசமாக இல்லை. அடிக்கப் பிறந்த காலை அடிக்கவிடாமல் பிடித்துக்கொண்டு ஆடுவது, பசியோடு மற்றவனுக்குப் பரிமாறுகிறதுபோல இருந்தது.

தெரிவு ஆட்ட நாளன்று முற்றவெளியில் நல்ல சனம். கிறகோரி முதன்முறையாக அந்தப் புல்லில் கால் வைத்தான். மெத்தென்று இருந்தது. வலது விங்கில் பண்டத்தரிப்பிலிருந்து வந்த மார்க்கண்டு என்ற நெடுவல் நின்றான். பின்னால் வழக்கம்போலத் தேவராசா.

ஆட்டம் தொடங்கியது. "உங்கை விடுங்கோ!" என்றான் தேவராசா, கிறகோரி பக்கத்தில் தட்டினான். "அங்கை!" என்றான், தூரத்துக்கு அனுப்பினான். ஒன்றுகூடப் பிசகவில்லை. தில்லைநாதன் கதிரையில் முன்னுக்குச் சரிந்து இருந்து பார்ப்பதையும், பக்கத்தில் இருந்தவரிடம் தன்னைக் காட்டி ஏதோ சொல்லித் தலையாட்டுவதையும் கிறகோரி கடைக்கண்ணால் கண்டான்.  இரு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது.

அப்போது நடுவிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. அதை மறிக்க வந்த பட்டணக் கழகத்துப் பின்வரிசைக்காரன் புல்லில் வழுக்கி விழுந்தான். கோல் காப்பவன் பதறி முன்னுக்கு ஓடிவந்து பாதி வழியில் நின்றுவிட்டான். கோல் வாய் திறந்து கிடந்தது. கிறகோரி காலைப் பின்னுக்கு இழுத்தான். இந்த அடியைத் தூத்துக்குடியில் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பான்.

பின்னாலிருந்து தேவராசாவின் குரல் வந்தது:

"உங்க! உங்க!"

அவன் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கத்தானே அத்தனை நாளும் பழகினான். கால் தன்பாட்டில் திரும்பியது. பந்து பக்கத்தால் போனது. அங்கே மார்க்கண்டு நின்றான். அவன் அதை வெறும் வலைக்குள் தட்டிவிட்டான்.

சனம் எழும்பிக் கத்தியது. மார்க்கண்டுவைத் தோளில் தூக்கினார்கள். கிறகோரி காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆட்டம் முடிந்ததும் தில்லைநாதன் மார்க்கண்டுவின் கையைப் பிடித்துக் குலுக்கி, வருகிற பருவம் தங்களோடு ஆடவேண்டும் என்றார். பிறகு கிறகோரியிடம் வந்தார். இந்த முறை குரலில் ஏளனம் இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"சொல்லுக் கேக்கிறீர். அது திறம். ஆனால் சென்றர் போர்வேட் எண்டால் கோலைக் கண்டால் அடிக்கவேணும். திறந்து கிடந்த கோலை விட்டிட்டுப் பக்கத்திலை தட்டுற ஆளை நான் முன்னுக்கு வைக்க ஏலாது. பிழையாய் நினையாதையும். அடுத்த முறை உம்முடைய வயதுக்கு..." என்று இழுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கிறகோரியும் தேவராசாவும் குருநகருக்கு நடந்தார்கள். 

"ஏம்லே கத்தின?" என்றான் கிறகோரி. "கோலு முன்னால நிக்கேன். உங்கை, உங்கைன்னு ஏம்லே கத்தின?"

"நான் உங்கை எண்டு கத்தேல்லை அண்ணை." என்றான் தேவராசா. "உங்க எண்டு கத்தினன்."

"என்னது?"

"உங்கடை ஊர்ப் பாசையிலை. உங்க பந்து, நீங்களே அடியுங்கோ எண்டு. போறணையிலை இருக்கிற உங்கடை ஆட்களிட்டைப் போய்க் கேட்டுப் பழகினனான். அப்பிடிக் கத்தினால் உங்களுக்குக் கெதியா விளங்கும் எண்டு நினைச்சன்."

கிறகோரி தெரு நடுவில் நின்றுவிட்டான்.

"உன்னை யாருலே எங்க பாசையப் பேசச் சொன்னது?"

"உங்களை ஆர் எங்கடை பாசையைப் படிக்கச் சொன்னது?"

பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன், "எடேய், உங்கை நிண்டு சண்டை பிடியாமல் விலத்துங்கோடா!" என்று சத்தம் போட்டான். இருவரும் விலகினார்கள். வேறொரு நாளென்றால் அதற்குச் சிரித்திருப்பார்கள்.

  அன்றிரவு கிறகோரி துணிப்பந்தை அடுப்பில் போட்டு எரித்ததைப் பெர்னடெட் அடுத்த நாள் சாம்பல் அள்ளும்போது கண்டாள்.

அவன் கொஞ்ச நாள் கடற்கரைப் பக்கம் போகவில்லை. பிலிப்பு மா குழைக்கிற இடத்துக்கு வந்து நின்று இருமுவார், அவன் நிமிரமாட்டான். புதுப் பருவம் தொடங்குகிற கிழமை பிலிப்புவே வாய் திறந்தார்: "வாறியோ, இல்லையோ? அதைச் சொல்லு."

"வாரேன், மொதலாளி. ஒரே ஒண்ணு. என் கால்ல பந்து இருக்கும்போது நம்ம ஆளு ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது. எந்தப் பாசையிலயும்."

"விசரோடா உனக்கு? ஊமையள் மாதிரியோ பந்தடிக்கிறது?"

"எனக்கு மட்டும். மத்தவங்களுக்கு என்ன வேணும்னாலும் கத்திக்கிடுங்க."

பிலிப்பு தேவராசாவைக் கேட்டார். தேவராசா மறுக்கவில்லை.

முதல் ஆட்டம் பண்டத்தரிப்பு அணியோடு. மார்க்கண்டு அதில் இல்லை. அவன் அன்றைக்கு முற்றவெளியில். கிறகோரியின் காலுக்குப் பந்து வந்தது. நீலத்திரை ஆட்கள் அத்தனை பேரின் வாயும் மூடிக்கொண்டது. எதிர்ப்பக்கத்தார் "உங்கை!" என்று கூவினார்கள்; பழக்கத்தில் கூவியது, பதில் இல்லாததால் அதுவும் தேய்ந்து நின்றது. பின்னால் தேவராசா கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான். வலப்பக்கம் ஒருவன் தனியே நின்றான். கோலும் தெரிந்தது. எதைச் செய்வதென்று கிறகோரியைத் தவிர வேறொருவரும் சொல்லப்போவதில்லை.

அவன் அடித்தான். முழுக் காலையும் கொடுத்து அடித்தான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்ப அவனிடமே வந்தது. மறுபடி அடித்தான். கம்பத்துக்கு வெளியே, ஒரு முழம் தள்ளிப் போனது.

கரையில் நின்ற சனம் சிரித்தது. கிறகோரி குனிந்து இரண்டு கையாலும் மணலை அள்ளி அடித்தான். தூத்துக்குடியில் சொல்கிற ஒரு கெட்ட வார்த்தையைச் சத்தமாகச் சொன்னான். அது எல்லோருக்கும் விளங்கியது.

"இப்ப ஆரிலை பிழை?" என்று பிலிப்பு கோட்டுக்கு வெளியே நின்று கேட்டார்.

"என் மேலதான், மொதலாளி."

"அப்ப எழும்பு. பந்து அங்காலை போயிட்டுது."

ஆத்திரம் தணியவில்லை. தலையை உதறிக்கொண்டு எழும்பி, அவன் பந்துக்குப் பின்னால் ஓடினான்.